கடைத்தெருவில் வந்த கப்பல்கள்

அருங்காட்சியகம் திறந்த பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஒரு சரக்குக் கப்பல் கரையேறிக் கடைத்தெரு வழியாக வந்து நான்கு பேரைக் கொன்றது. ரொட்டிக்கடைக்காரர், அவர் கடையில் வரிசையில் நின்ற இருவர், ஒரு தபால்காரர். பிறகு அருங்காட்சியகத்தைச் சுற்றிக்கொண்டு மீன் சந்தை வழியாகக் கடலுக்கே திரும்பிவிட்டது. மாலுமிகள் மேலிருந்து தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தார்கள். தபால்காரரின் அண்ணனுக்கு அதைத்தான் கடைசிவரை தாங்க முடியவில்லை.

அந்த அருங்காட்சியகம் ஒரு விளக்குக் கப்பல். கலங்கரை விளக்கம் கட்ட முடியாத மணல்திட்டுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டு, உச்சியில் விளக்கோடு, நாற்பத்தொரு வருஷம் நகராமல் நின்றது. வழி காட்டியதற்குக் கூலியாக, மற்ற கப்பல்களிடம் மூன்று முறை இடி வாங்கி ஆறு ஆட்களைப் பறிகொடுத்தது. ஓய்வு கொடுத்ததும் நகராட்சி அதை இழுத்துவந்து பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சிமென்ட் மேடையில் நிறுத்தியது. மேடையோடு அதைப் பற்றவைத்த வெல்டர், அதே ஊர்த் தையல்காரி ஒருத்தியின் புருஷன். கடைசி விளக்குக்காரரான அவள் அப்பாவையே காவலுக்கு வைத்தார்கள். அழகுக்காக விளக்கை ஏற்றியதுதான் வினையாகப் போனது. இத்தனை வருஷம் நம்பிய வெளிச்சத்தைச் சந்தேகப்படக் கப்பல்களுக்குத் தெரியவில்லை.

ஊரார் கட்டையோடு வந்து கிழவரின் முன்பற்களை உடைத்தார்கள். "ஒண்ணு போறதுக்குள்ள அடுத்தது வந்துடுது, கப்பல் கண்ணுல படும்போது அணைக்கக் கூடாதுய்யா," என்றார் ரத்தத்தைத் துப்பிவிட்டு. நகராட்சி காதில் போட்டுக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை மின்சாரத்தைத் துண்டித்தது. தெருவில் பாதி தூரம் வந்திருந்த எண்ணெய்க் கப்பல் திசை தெரியாமல் ஆஸ்பத்திரிச் சுவரில் ஏறிப் பிளந்தது. கப்பலில் பதினேழு பேர், வார்டில் ஒன்பது பேர். சாயங்காலமே இணைப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகராட்சி வாயை மூடிக்கொண்டது.

திங்கட்கிழமை மதியம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன தையல்காரி, விளக்கருகே நின்றபடி, ஒரு பயணிகள் கப்பல் தன் தெருவுக்குள் திரும்புவதைப் பார்த்தாள். புருஷனின் பட்டறை வாசலில் நீலப் பொறி தெறித்துக்கொண்டிருந்தது.

"அப்பா, அணைப்பா! அவரு முகமூடியப் போட்டுக்கிட்டு வேலை பாக்குறாரு, ஒண்ணும் தெரியாது!"

"இருநூறு பேரும்மா அதுல."

"எனக்கு அந்த ஒருத்தர்தாம்பா!"

கிழவர் சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றார். அழுதார், ஆனால் நகரவில்லை. பொறி தெறிப்பது நின்றது. பட்டறையும் இல்லை, வாசலும் இல்லை.

நங்கூரச் சங்கிலி சுற்றும் இரும்புக் கைப்பிடியை எடுத்து அவள் அப்பாவை அடித்தாள். முதல் அடிக்கு அவர் அவள் பெயரைச் சொன்னார். மூன்றாவது அடிக்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை. ஆத்திரம் அடங்காமல் விளக்கை நொறுக்கக் கையை ஓங்கினாள். கீழே அடுத்த கப்பல் வந்துகொண்டிருந்தது. அதன் மேல்தளத்தில் ஒரு பெண், தன் புருஷன் போட்டிருந்த சட்டையிலேயே பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் ரத்தம் கண்ணாடியில் தெறித்து வெளிச்சம் சிவந்திருந்தது. சிவப்பு தெரிந்தால் வலப்பக்கம் ஒதுங்குவது கடல் வழக்கம், வலப்பக்கம் பள்ளிக்கூடம். கப்பல் திரும்பத் தொடங்கியது. அவள் கைப்பிடியைப் போட்டுவிட்டு, அப்பாவை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே, சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்தாள். வெளிச்சம் வெளுத்ததும் கப்பல் நேரானது.

நீதிபதி பன்னிரண்டு வருஷம் கொடுத்தார். விளக்கு வேலைக்கு வேறு ஆள் கிடைக்காததால் தண்டனையை அங்கேயே கழிக்கச் சொன்னார். தன் மகனுக்காகக் கை ஓங்கியவள் என்று மாமியார் மட்டும் தினமும் சோறு கொண்டுவந்தாள், தலை வாரிவிட்டாள். பெற்ற தாயிடம்கூடத் தையல்காரி அவ்வளவு ஒட்டியதில்லை. நான்காம் வருஷம் ஒரு புதன்கிழமை, மாமியார் தூக்குவாளியோடு தெருவைக் கடக்கும்போது வளைவில் கப்பல் திரும்பியது. அவளுக்குக் காது மந்தம், கூப்பிட்டால் கேட்காது. கப்பலில் நூற்றிருபது பேர். தையல்காரி சுவிட்சில் கை வைத்தாள், எடுத்துவிட்டாள். அன்று சாப்பாடு வரவில்லை. இப்போது கப்பல்கள் வரும் நேரத்தைப் பேருந்து நிலையப் பலகையில், பேருந்துகளுக்குக் கீழே எழுதிப் போட்டிருக்கிறார்கள்.