தோளில் ஒரு கை

குரூப் போட்டோ எடுக்க வேண்டுமென்றால் போட்டோக்காரிக்கு முதலில் ஒரு நாற்காலி வேண்டும். ஆள் குள்ளம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் அதைப் போட்டு ஏறி நின்றுகொண்டு, சாப்பிடுகிற முகங்களை வரிசையாக ஒரு பார்வை பார்ப்பாள். கல்யாண வீட்டில் "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டால் "வந்தாச்சு" என்றுதான் பதில் வரும். ஆல்பம் கைக்குப் போன பிறகுதான் ஒரு சித்தப்பா விட்டுப்போனது தெரியும். அந்தச் சித்தப்பா வருஷக்கணக்கில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். பழியெல்லாம் போட்டோக்காரி தலையில் விழும். அதனால் அவள் யாரையும் கேட்பதை விட்டுவிட்டாள். பெண்ணைப் பெற்றவர்களின் முகங்களை மனதில் வாங்கிக்கொண்டு, அதே மூக்கும் தாடையும் காதும் கூட்டத்தில் எங்கெங்கே உட்கார்ந்து சாப்பிடுகின்றன என்று தேடிப் பிடித்துத் தானே இழுத்து வந்துவிடுவாள்.

இதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இதுவரை ஒரு முறைகூடத் தப்பியதில்லை. அவளுடைய வீட்டுக்காரர்தான் வீடியோ எடுப்பவர், கார் ஓட்டுபவர், எந்த ஊருக்குப் போனாலும் முதல் ஆளாகச் சாப்பிட்டு முடிப்பவர். "இவ முன்னாடி சொந்தக்காரன்னு பொய் சொல்லவும் முடியாது, சொந்தம் இல்லன்னு தப்பிக்கவும் முடியாது" என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இன்றைக்கு ஓர் ஊர், நாளைக்கு வேறோர் ஊர் என்று காரின் பின்சீட்டில் விளக்குகளும் தலையணையும் இஸ்திரி போட்ட இரண்டு சட்டைகளுமாக அலைகிற பிழைப்பு. முதுகு வலிக்கும், தூக்கம் கெடும். ஆனால் போகிற ஊரில் எல்லாம் ஒரு புதுக் குடும்பம் வாசலைத் திறந்து உள்ளே விடுகிறதே, அதற்காகவே அவள் இந்தத் தொழிலை விடாமல் இருந்தாள். யார் யாருக்கு என்ன உறவு, யார் யாரோடு பேசுவதில்லை, இந்தக் குழந்தைக்கு யாருடைய நெற்றி என்று தெரிந்துகொள்ளாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. சின்ன வயதில் விருந்துக்குப் போன வீடுகளில் இப்படி எதையாவது கேட்டு அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கியவள்தான்.

அன்றைய கல்யாணத்தில் பெண்ணின் அப்பா மருந்துக்கடைக்காரர். காலையில் வீட்டில் படமெடுக்கும்போது, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த தன் அப்பாவின் படத்துக்குக் கீழே மகளை நிறுத்தி எடுக்கச் சொன்னார். விறைத்து நிற்கிற பெரிய காதுகள், நடுவில் குழி விழுந்த தாடை. காது மகனுக்கு வந்திருந்தது, தாடைக்குழி பேத்திக்கு வந்திருந்தது. பெரியவர் பாலம் கட்டும் இன்ஜினீயராக இருந்தவராம், ஊர் ஊராகப் போய் வேலை பார்த்தவராம். "எங்கப்பா கட்டின பாலம் ஒண்ணுகூட இன்னிக்கு வரைக்கும் அசையல" என்று மருந்துக்கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். இறந்துபோன மனிதரைப் பற்றி இத்தனை வாஞ்சையாகப் பேசுகிறாரே என்று போட்டோக்காரிக்கு அவரை அப்போதே பிடித்துப்போயிற்று.

மத்தியானம் நாற்காலியில் ஏறி நின்று பார்த்தபோது அந்தக் காதும் அந்தத் தாடையும் ஒரே முகத்தில் சேர்ந்து கிடைத்தன. கடைசி மேஜையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரரைவிடக் கொஞ்சம் மூத்தவராகத் தெரிந்தார். விட்டிருந்தால் நாளைக்கு எத்தனை பெரிய ரகளையாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே இறங்கி ஓடினாள்.

"பெரியப்பா, கை கழுவிட்டு வாங்க. உங்களுக்காகத்தான் எல்லாரும் நிக்கிறாங்க."

அவர் தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு "என்னையா?" என்றார். உங்களைத்தான் என்றாள். அவர் எழுந்து போய்க் கை கழுவினார். கண்ணாடியைப் பார்த்து ஈரக் கையால் தலையைப் படிய வாரிவிட்டுக்கொண்டு, சட்டையின் மேல் பித்தானையும் போட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தார்.

மேடையில் ஏற்கெனவே எல்லாரும் கூடிவிட்டார்கள். மூத்தவர்களை முன்வரிசை நாற்காலிகளில் உட்கார வைத்து, மற்றவர்களைப் பின்னால் நிறுத்தினாள். வெள்ளைச் சட்டைக்காரருக்கு மருந்துக்கடைக்காரரின் நாற்காலிக்குப் பின்னால் இடம் கொடுத்தாள். அங்கேதான் அவர் பொருந்தினார். "பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி இருக்கிறவங்க தோள்ல கை வைங்க" என்றாள். இது அவள் வழக்கமாகச் சொல்வது. தோளில் கை வைக்கச் சொன்னால் முறைத்துக்கொண்டிருக்கிற ஆட்கள்கூடக் கொஞ்சம் இளகிவிடுவார்கள். ஒரு முகம் புதிதாக வந்து நிற்பதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. கல்யாணக் குரூப் போட்டோவில் அது அப்படித்தான். எல்லாரும் கேமராவைத்தான் பார்ப்பார்கள், பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பது கிடையாது. பார்த்தாலும் அப்பா வழிக்காரர்கள் அம்மா வழி என்று நினைப்பார்கள், அம்மா வழிக்காரர்கள் அப்பா வழி என்று நினைப்பார்கள். சிரிக்கச் சொன்னாள், சிரித்தார்கள், எடுத்தாள்.

அன்று எடுத்ததில் நல்ல படங்களை அன்றைக்கே கூடத்துத் திரையில் ஓடவிடுவதும் அவர்களுடைய வழக்கம். பெண்ணும் மாப்பிள்ளையும் கிளம்புவதற்கு முன்னால், வந்தவர்கள் காபியைக் குடித்துக்கொண்டு தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். படங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. குடும்பப் படம் வந்ததும், காபிக் கோப்பையோடு நின்றிருந்த பெண்ணின் அத்தை, மருந்துக்கடைக்காரரின் தங்கை, "அப்பா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் பக்கத்தில் நின்ற அத்தனை பேரும் திரையை நிமிர்ந்து பார்த்தார்கள்.

கல்யாணப் பெண் கேட்டாள், "அப்பா, உங்க பின்னாடி நிக்கிறது யாரு?"

மருந்துக்கடைக்காரர் பதில் சொல்வதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது, யாரோ ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கிற படம், எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் போட்டோக்காரி அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். செய்யக்கூடாத எதையோ செய்துவிட்டோம் என்பது அவளுக்குப் புரிந்தது. அவர் நேராக அவளிடம் வந்தார். யார் அந்த ஆள், எங்கே பிடித்தாய் என்று கேட்டார். குடும்பத்து ஆள் என்று நினைத்துக் கூப்பிட்டதைச் சொன்னாள். எதை வைத்து நினைத்தாய் என்று கேட்டார். அவளையும் அறியாமல் அவளுடைய கண் அவருடைய காதுக்குப் போனது.

"படத்துலேருந்து அவர எடுத்துடும்மா" என்றார் மருந்துக்கடைக்காரர். "இன்னிக்கு நாலு பேரு பாத்தாச்சு, போகட்டும். ஆல்பத்துல வந்துச்சுன்னா காலத்துக்கும் பேசுவாங்க. எங்கப்பா இல்லாத நேரத்துல அவரப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது."

மறுபடியும் நிற்க வைத்து எடுத்துவிடலாமா என்று கேட்டுப் பார்த்தாள். ஏன் மறுபடியும் என்று எல்லாரும் கேட்பார்கள், அதற்கு யார் பதில் சொல்வது என்றார். அதுவும் நியாயம்தான்.

வீட்டுக்காரர் திரையைச் சுருட்டிக்கொண்டே, "உன் கண்ணு இன்னிக்கு நம்மளக் கவுத்துடுச்சு" என்றார். அதில் கேலி இல்லை. தப்பு அவளுடையது, சரி. ஆனால் கூப்பிட்டவுடன் அந்த மனிதர் ஏன் எழுந்து வந்தார்? ஆள் தெரியாமல் கூப்பிடுகிறாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? அதைத் தெரிந்துகொள்ளாமல் அவளால் அந்த முகத்தை அழிக்க முடியாது.

அவர் வாசலில் நின்ற பெரிய பஸ்ஸின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வாடகைக்குப் பிடித்து வந்த பஸ்ஸின் டிரைவர் அவர். கல்யாண வீட்டில் சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டார், அவ்வளவுதான். அவளைப் பார்த்ததும் துணியை வைத்துவிட்டு, திட்டு வாங்கத் தயாரானவர் போல நின்றார். ஏன் வந்தீர்கள் என்று அவள் கேட்டதற்குச் சிரித்தார்.

"எத்தனையோ கல்யாணத்துக்குப் பஸ் ஓட்டிட்டேன் தங்கச்சி. யாரும் இதுவரைக்கும் போட்டோவுக்குக் கூப்பிட்டதில்ல. நீ பெரியப்பான்னு வேற கூப்பிட்ட. மாட்டேன்னு சொல்ல மனசு வரல."

பிறகு அவர் கொஞ்சம் தயங்கி, "யாரு மாதிரி இருக்கேன்னு கூப்பிட்ட?" என்று கேட்டார்.

அவள் கேமராவின் சின்னத் திரையில் படத்தை எடுத்து, இரண்டு முகங்களையும் பெரிதாக்கிக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தன் காதை ஒரு விரலால் தடவினார். அவருடைய அம்மாவுக்கும் அவருக்கும் முகஜாடை துளிகூடக் கிடையாதாம். அப்பாவைப் பற்றி அம்மா அதிகம் பேசியதில்லை, கோபப்பட்டதும் இல்லை. "பாலம் கட்ட வந்தவரு, பாலம் முடிஞ்சதும் கிளம்பிட்டாரு. இவ்வளவுதான் சொல்லும். அந்தப் பாலத்து மேல பஸ் ஓட்டிட்டுப் போகும்போதெல்லாம் நல்லாத்தான் கட்டியிருக்காருன்னு நெனச்சுக்குவேன்" என்றார். யார் மேலும் குறை சொல்கிற குரல் இல்லை அது. தன்னைப் போல ஒரு முகம் உலகத்தில் இருக்கிறது என்பதை இந்த வயதில் முதல் தடவையாகப் பார்க்கிற ஆச்சரியம்தான் அதில் இருந்தது.

படத்தில் அவரை அழிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் அவள் மறைக்காமல் சொன்னாள்.

"அது அவங்க வீட்டுப் படம் தங்கச்சி. அவங்க சொல்றத செய்" என்று சொல்லிவிட்டு, கேமராவை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன்னால் இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.

மணப்பெண்ணின் அலங்கார அறை காலியாகக் கிடந்தது. போட்டோக்காரி அங்கே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். ஒருவரைப் படத்திலிருந்து எடுப்பது அவளுக்குப் பெரிய வேலை இல்லை. பின்னால் தொங்குகிற திரைச்சீலையை இழுத்து மூடி, பக்கத்தில் இருப்பவரைக் கொஞ்சம் நகர்த்திவிட்டால் போதும், அங்கே ஒருவர் நின்றது பிறகு யாருக்கும் தெரியாது. முகத்தை எடுத்தாள். சட்டையை எடுத்தாள். தோள்பட்டைக்கு வந்ததும் அவள் கை நின்றுவிட்டது. மருந்துக்கடைக்காரர் எப்போது வந்து பின்னால் நின்றார் என்று அவளுக்குத் தெரியாது.

"முடிஞ்சுதா?" என்றார்.

"கை இருக்கு சார்" என்றாள்.

டிரைவரின் வலது கை மருந்துக்கடைக்காரரின் தோளில் இருந்தது. அது அவள் வைக்கச் சொன்னது. அதன் மேல் மருந்துக்கடைக்காரருடைய இடது கை இருந்தது. மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, தோளில் விழுந்த கையை அழுத்திப் பிடித்திருந்தார். அது யாரும் செய்யச் சொன்னதில்லை. இரண்டு கை விரல்களும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருந்தன. அவள் படத்தை இன்னும் பெரிதாக்கினாள். எந்த விரல் யாருடையது என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"தம்பின்னு நெனச்சேன்" என்றார் மருந்துக்கடைக்காரர். "என் தம்பிதான் பின்னாடி நிக்கிறான்னு நெனச்சேன். அவன் கைதான்னு பிடிச்சேன்."

அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். பவுடரும் சீப்பும் சிதறிக் கிடந்த மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். எதிரே இருந்த நிலைக்கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது, அதை அவர் பார்க்கவில்லை. அந்த ஆளிடம் பேசினாயா, என்ன சொன்னார் என்று கேட்டார். போட்டோக்காரி பாலத்தைப் பற்றிச் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"எந்த ஊரு பாலம்?"

ஊர் ஊராகப் போய் ஊரார் கதையெல்லாம் கேட்பவள், இந்த ஒன்றைக் கேட்காமல் வந்திருந்தாள்.

"கேக்கல சார்" என்றாள். "நீங்க கேட்டாத்தான் சரியா இருக்கும்."

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் ஏற ஆரம்பித்திருந்தார்கள். இன்ஜின் உறுமியது, அறையின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மருந்துக்கடைக்காரர் எழுந்தார். அழிக்கச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. லேப்டாப்பை ஒரு முறை பார்த்துவிட்டு வெளியே போனார்.

போட்டோக்காரி அழித்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்தாள். சட்டை வந்தது, முகம் வந்தது, காது வந்தது. பிறகு ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். மருந்துக்கடைக்காரர் பஸ்ஸை நோக்கி நடந்துகொண்டிருந்தார். வழியில் யாரோ கை கொடுக்க வந்தார்கள், அவர் கவனிக்கவில்லை. இடது கை மார்புக்குக் குறுக்கே போய் வலது தோளில் இருந்தது. டிரைவரின் ஜன்னலுக்குக் கீழே போய் நின்று நிமிர்ந்தார்.

பஸ்ஸின் இன்ஜின் அணைந்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் ஏன் என்று எட்டிப் பார்த்தார்கள்.