அக்கா வீடு

"ஆஸ்பத்திரிங்கற பேச்சையே இந்த வீட்டுல எடுக்கக் கூடாது" என்று அம்மா கரண்டியை வைத்த வேகத்தில் மேசையில் இருந்த தண்ணீர் தளும்பியது.

மகள் அசையவில்லை. கல்லூரியில் சமூகவியல் படிக்கிறவள். வீட்டில் அவளுக்குப் 'புரபசர்' என்று பட்டப்பெயர். அது பாசத்தில் வைத்ததல்ல. அவள் பார்வை சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த சித்தியின் வலது கையிலேயே இருந்தது. சில நாளுக்கு முன், பொத்தான் துளை போடும் காஜா மெஷினின் ஊசி ஆள்காட்டி விரலைத் துளைத்து நகத்தருகே வெளியே வந்திருந்தது. சுற்றியிருந்த பழைய துணிக்குள் விரல் கருத்துப்போய், வீக்கம் மணிக்கட்டைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. காய்ச்சலில் கண்கள் சிவந்திருந்தன. விடிந்ததும் அந்தக் கையால்தான் வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் கழுவி வைத்தாள்.

சித்தி என்றால் அம்மாவின் கூடப்பிறந்தவள் அல்ல. வீட்டை ஒட்டியிருந்த அப்பாவின் தையல் பட்டறையில் காஜா எடுக்கவும் பொத்தான் தைக்கவும் கடல் தாண்டி வரவழைக்கப்பட்டவள். வந்தபோது அவளிடம் எல்லாக் காகிதமும் ஒழுங்காகவே இருந்தது. பட்டறை வேலை முடிந்தால் வீட்டு வேலை. ஆள் வைத்துக் கசக்கிப் பிழிகிறார்கள் என்று தெருவில் பேச்சு வந்துவிடக் கூடாதே! யார் கேட்டாலும் "இது எங்க அக்கா வீடு" என்று சொல்ல வேண்டும் என அம்மா அப்போதே அவளை மனப்பாடம் பண்ண வைத்துவிட்டாள். உறவுமுறையைப் போல மலிவான சம்பளம் உலகத்தில் வேறில்லை. அந்தச் சம்பளத்தை அவர்கள் தாராளமாகவே கொடுத்தார்கள்.

மகளும் யோக்கியம் என்று சொல்லிவிட முடியாது. 'சட்டவிரோதக் குடியேற்றம் ஒரு சமூகப் பிரச்சினை' என்று வகுப்பில் கட்டுரை வாசித்துக் கைதட்டல் வாங்கியவள்தான். திருட்டுத்தனமாக எல்லை தாண்டுகிறவர்கள், ஒளிந்து வாழ்கிறவர்கள், நம் பிழைப்பைப் பறிக்கிறவர்கள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அடுக்கியிருந்தாள். அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பேட்டி எடுக்க ஊரின் மறுகோடிக்குப் பஸ் ஏறிப் போனாள். போகிற வழியில் பசிக்குமே என்று அவளுக்குச் சோறு கட்டிக் கொடுத்தவள் சித்தி.

அடுத்த கட்டுரைக்காகப் படிக்கும்போதுதான் ஒரு பக்கத்தில் அவள் கண் நின்றது. முன்வாசல் வழியாக முறையாக வருகிறவர்களும் உண்டு. கூட்டி வந்த முதலாளி விசாவைப் புதுப்பிக்காமல் விட்டால் அவர்கள் இருந்த இடத்திலேயே சட்டவிரோதமாகிவிடுகிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது. சித்தியின் விசா காலாவதியாகி வருஷக்கணக்காகிறது என்பது நூலகத்தில் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வகுப்பில் தான் திட்டிய பிரச்சினை இத்தனை நாளும் தன் துணியைத் துவைத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அதைவிட, ஆத்திரமாக இருந்தது.

"அப்பா, சித்தியோட விசாவ ஏன் புதுப்பிக்காம விட்டீங்க?"

அப்பா சாப்பாட்டை நிறுத்தவில்லை. "புதுப்பிச்சா அடுத்த பட்டறைக்காரன் கொத்திட்டுப் போயிருவான். தொழில் தெரியாம பேசாத."

ஒளிக்கவோ கூச்சப்படவோ அதில் அவருக்கு எதுவும் இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அடையாள அட்டை கேட்பான், அட்டை இல்லையென்றால் பிடித்துக்கொண்டு போவான், போகாமல் இருப்பது அவளுடைய நல்லதுக்குத்தான் என்று நிதானமாக விளக்கினார். மருந்துதான் போட்டாயிற்றே என்று அம்மா ஒத்து ஊதினாள். இப்படியே விட்டால் கையையே எடுக்க வேண்டியிருக்கும் என்றாள் மகள். அட்டை கேட்காமல் வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவர் கல்லூரிப் பக்கம் இருக்கிறாராம், விசாரித்துவிட்டு வந்து தானே கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அப்பா யோசித்தார். கை போன காஜாக்காரியால் பட்டறைக்கு என்ன லாபம்? டாக்டரிடம் போனால் விஷயம் வெளியே வரும். கையைக் கழுவிவிட வேண்டியதுதான். சித்தியின் பெட்டியைப் பட்டறையின் பின்பக்கம் போடச் சொன்னார். பிறகு குடியேற்ற அலுவலகத்துக்குப் போன் போட்டு, யாரோ ஒரு பெண் தன் பட்டறைக்குள் புகுந்து தங்கியிருப்பதாகவும், காகிதம் இல்லாதவள் போலத் தெரிவதாகவும் ஒரு நல்ல குடிமகனாகத் தகவல் கொடுத்தார்.

மகள் டாக்டரின் முகவரியோடு திரும்பி வந்தபோது வாசலில் அலுவலக வேன் நின்றது. பின்னால் ஒரு ஜீப். ஓர் அதிகாரியும் ஒரு பெண் காவலரும் சித்தியை முற்றத்தில் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"முன்ன பின்ன பாத்ததே இல்ல சார். பாவம்னு வெரட்டாம விட்டேன்" என்றார் அப்பா.

சித்தி அவரைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நொடியில் சித்திக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காய்ச்சலில் குரல் கம்மியிருந்தாலும் சொல் தடுமாறவில்லை.

"இது எங்க அக்கா வீடு சார்."

பொய், பித்தலாட்டம் என்று அப்பா கத்தினார். சத்தம் கேட்டு எதிர்வீட்டு டீச்சர் வெளியே வந்துவிட்டாள். யாருக்காவது உதவி செய்வதென்றால் டீச்சருக்குக் கொள்ளை ஆசை.

"என்ன சார், சொந்த மச்சினிச்சிய யாருன்னு தெரியாதுங்கறீங்க? ஏழெட்டு வருஷமா இங்கதானே இருக்காங்க. எம்பொண்ணு கல்யாணத்துல அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கிட்டாங்களே."

அதிகாரி மகள் பக்கம் திரும்பி, சித்தியைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார். அப்பா கண்ணாலேயே மிரட்டினார். உண்மையைச் சொன்னாலும் சித்தியை நாடு கடத்தத்தான் போகிறார்கள் என்பது மகளுக்குத் தெரியும். தயங்கினாள். சித்தியே அவளுக்குத் தைரியம் சொன்னாள்.

"சொல்லும்மா. ஊருக்குத்தானே அனுப்புவாங்க? அனுப்பட்டும்."

மகள் சொன்னாள். வேலைக்கு வரவழைத்தது யார், விசாவை விட்டது யார், எதற்காக விட்டார் என்று காலையில் மேசையில் கேட்டதை ஒன்றுவிடாமல் சொன்னாள். அதிகாரி அப்பாவை ஜீப்பில் ஏறச் சொன்னார். பெண் காவலர் சித்தியின் கைத்துணியை அவிழ்த்துப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு, முதலில் ஆஸ்பத்திரி, மற்றதெல்லாம் பிறகு என்றாள். இத்தனை வருடம் உழைத்தவளுக்கு ஆஸ்பத்திரிக் கதவு திறக்க, அவள் கைதாக வேண்டியிருந்தது.

கூட ஒருவர் வரலாம் என்றார்கள். மகள் வேனை நோக்கி நடந்தாள்.

"வக்கீலுக்குப் போன் போடாம பெத்த அப்பன நடுத்தெருவுல விட்டுட்டு எவ கூடடி போற?" என்று ஜீப்பிலிருந்து அப்பா கத்தினார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

"எங்க சித்தி கூட" என்று சொல்லிவிட்டு அவள் ஏறி உட்கார்ந்தாள்.