லேசில் பற்றாத எண்ணெய்க்கு ஒரு முடிவு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை அக்காவிடமிருந்து திருடியது. அவள் துணைமின் நிலையத்தில் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயைச் சோதிக்கிறவள். சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சுதான். நானும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

முதல் வரி இப்படி வந்தது: ‘பிரசவ வார்டின் பின்சுவரை ஒட்டி நின்ற டிரான்ஸ்ஃபார்மர் அன்று...’

(அன்று என்ன? பேனா அங்கேயே நின்றுவிட்டது.)

2

டிரான்ஸ்ஃபார்மருக்குள் சூட்டைத் தணிக்கவும் மின்சாரம் தாவாமல் காக்கவும் எண்ணெய் நிரப்பியிருப்பார்கள். இதில் முன்பு இருந்தது கனிம எண்ணெய், பெட்ரோலுக்கு உறவுக்காரன். வார்டுக்குப் பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம் என்று அக்கா இரண்டு வருடம் மல்லுக்கட்டி, சோயா எண்ணெய்க்கு மாற்றவைத்தாள். முந்நூறு டிகிரியிலும் லேசில் பற்றாது.

போன வாரம் புது எஞ்சினியர் சோதனைத் தாளைப் பார்த்துவிட்டுக் குதித்தார்.

“ஈரம் நூத்திருபது பிபிஎம்மா? என்னம்மா இது! முப்பத்தஞ்சைத் தாண்டக் கூடாதே. பழைய எண்ணெயையே ஊத்திடலாம்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

“சார், அது பழைய எண்ணெயோட கணக்கு. தாவர எண்ணெய் அதைவிடப் பல மடங்கு ஈரம் தாங்கும்.”

“பக்கத்துல கர்ப்பிணிங்க இருக்காங்கம்மா.”

“அதனாலதான் சார் சொல்றேன்.”

அக்கா கையெழுத்துப் போடவில்லை. செவ்வாய் பத்து மணிக்குக் கூட்டத்தில் முடிவாகும் என்று எஞ்சினியர் சொல்லிவிட்டார்.

(அவரை வில்லனாக்கத்தான் பார்த்தேன். மனுஷன் நிஜமாகவே பயந்துபோயிருக்கிறார். நான் ஒட்டவைத்த முறுக்கு மீசையை எடுத்துவிட்டேன்.)

3

கதைக்கு உச்சக்கட்டம் வேண்டுமே! கூட்டத்தில் அக்கா தோற்கிறாள், பழைய எண்ணெய் திரும்பி வருகிறது, டிரான்ஸ்ஃபார்மர் பற்றி எரிகிறது, அவள் சொன்னதுதான் சரி என்று ஊரே ஒப்புக்கொள்கிறது. இரண்டு பக்கம் ஜோராக வந்தது. படித்துக் காட்டினேன்.

“ஏன்டா, நான் ஜெயிக்கிறதுக்கு வார்டைக் கொளுத்துவியா?”

“கதைதானேக்கா.”

“அடுத்த வாரம் உன் பொண்டாட்டி அங்கதான் படுக்கப்போறா. அவ கட்டில் நம்பரையும் போட்டு எழுது, பாப்போம்.”

வெட்கமாகிவிட்டது. இரண்டு பக்கத்தையும் கிழித்துப்போட்டேன்.

4

இன்று செவ்வாய். வலி முந்திக்கொண்டது, காலையிலேயே மனைவியைச் சேர்த்தாயிற்று. ஏழாம் நம்பர் கட்டில், ஜன்னலோரம். வெளியே சுவர், சுவருக்கு அப்பால் டிரான்ஸ்ஃபார்மரின் ‘ம்ம்ம்’ என்ற முனகல். மணி பத்தேகால். அக்கா கூட்டத்தில் பேசிக்கொண்டிருப்பாள்.

‘கூட்டம் முடிந்து வெளியே வந்த அக்கா...’

(இல்லை, என்னால் ஆகாது. பேனாவை மூடிவிட்டேன்.)

மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அக்கா ஜெயிக்கலாம், தோற்கலாம், அது உங்கள் பாடு. பேனாவைத் திறக்கும் முன் ஏழாம் நம்பரை மட்டும் ஒருமுறை எட்டிப்பார்த்துவிடுங்கள்.