சட்டைக் கை அளந்த நாள்

திருப்பூரில், வேலை செய்யும் இடத்தில் ஒருவர் இன்னொருவருக்குக் கெடுதல் செய்தால், செய்தவர் அப்போது போட்டிருக்கும் சட்டையின் கை நீளும். சின்னப் பொய்க்கு விரலளவு. அடுத்தவர் தைத்ததைக் கெடுத்து வைத்தால் முழக்கணக்கில். ஆண்டுக்கு ஒருமுறை அளவுக்காரர் வந்து டேப் பிடிப்பார். எந்த வேலையாளின் கை எல்லாரையும்விட நீளமோ, அவர் அன்று மாலையோடு வேலையிலிருந்து நின்றுகொள்ள வேண்டும்.

குணவதி நெடுங்காலமாக அளவுக்காரி. பெரிய மில்களில் அவளுக்கு வேலை சுலபம். அங்கே சட்டைக் காலரிலேயே பெயர் தைத்திருக்கும். சின்னக் கம்பெனிகளில்தான் பொறுமை வேண்டும். பஞ்சு ஒட்டாமலிருக்கப் பெண்கள் சேலைக்கு மேல் மாட்டிக்கொள்ளும் ஆண் சட்டைகள் அங்கே பொதுவில் ஆணியில் தொங்கும். முதலில் வருகிறவர்கள் குட்டைக் கையாகப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். கடைசியில் வருகிறவருக்கு மிஞ்சியதுதான்.

நாச்சிமுத்துவின் பனியன் கம்பெனிக்கு அவள் போன அன்று, மிஞ்சியதைப் போட்டிருந்தவள் ஓவர்லாக் மிஷின் ஓட்டும் வாசுகி. அவள் வரும் பஸ் எப்போதும் தாமதம். சட்டையின் வலது கை மிஷினைத் தாண்டி, தரையில் ஓடி, கட்டிங் மேசையை ஒரு சுற்றுச் சுற்றிக் கிடந்தது. எல்லாரும் அதைத் தாண்டித் தாண்டி நடந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு டேப் போதவில்லை. குணவதி இன்னொன்றை அதோடு முடிந்துகொண்டாள்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க," என்றாள் வாசுகி. "இந்த வேலை போச்சுன்னா எம் பொண்ணு படிப்பு நின்னு போயிருமுங்க."

பக்கத்து மிஷின் தெய்வானை தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "இத்தனை நீளம் வெச்சிருக்கறவ, பஸ்ஸை எட்டிப் பிடிச்சிருக்கலாமில்ல."

ஆர்டர் காத்திருக்கிறது, போட்டிருப்பவள் கணக்கிலேயே முடித்துவிடுங்கள் என்றார் நாச்சிமுத்து. குணவதி அவசரப்படவில்லை. நீளத்தை அளப்பது பாதி வேலை. அது யார் கைக்காக வளர்ந்தது என்று பார்ப்பது மீதி. செய்தவர் உள்ளே கையை விட்டால் மறுமுனையில் விரல் தெரியும். இதில் அவள் ஒருநாளும் தவறியதில்லை.

வாசுகியின் கை மிஷின் வரைகூடப் போகவில்லை. தெய்வானை விட்டுப் பார்த்தாள். கட்டிங் மாஸ்டர் விட்டுப் பார்த்தார். மற்றவர்களும் வரிசையாக வந்து பார்த்தார்கள். மறுமுனை காலியாகவே இருந்தது.

"நீங்களும் விடுங்க," என்றாள் குணவதி, முதலாளியிடம்.

அவர் விட்டார். மேசையைச் சுற்றிக்கொண்டு, மோதிரம் போட்ட விரலோடு கை வெளியே வந்தது. சட்டைக்குச் சமமாக நீண்டுபோயிருந்த அந்தக் கையை அதுவரை அவர் தன் நாற்காலிக்கு அடியில் சுருட்டி வைத்திருந்தார். எல்லாரும் போன பிறகு, வெள்ளைச் சட்டைக்கு மேல் ஆணியிலிருந்து ஒன்றை மாட்டிக்கொண்டு, அவரவர் தைத்து வைத்த கட்டுகளில் ஓட்டைப் பீஸ்களைச் செருகுவது வழக்கம் என்று சொன்னார். பயம் இருந்தால்தான் தையலில் வேகம் வரும் என்பது அவர் அனுபவம்.

"ஆனா நான் முதலாளிங்க அம்மிணி. வேலையாளைத்தானுங்களே அளக்கோணும்?"

"அப்ப வேலைக்குச் சேருங்க."

அது எல்லாருக்கும் நியாயமாகவே பட்டது. தைப்பவருக்குத் துணி எடுத்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கு ஓர் ஆள் குறைவாக இருந்தது. பெண்கள் மிஷின்களை நிறுத்திவிட்டு அவரை நேர்முகம் கண்டார்கள். முன்அனுபவம் உண்டா, அடிக்கடி லீவு போடுவாரா என்று விசாரித்தார்கள்.

"எட்டி எடுத்துக் குடுக்கத் தோதாத்தான் இருக்காரு," என்றாள் தெய்வானை. "சேர்த்துக்கலாம்."

மதியம் முழுக்க நாச்சிமுத்து அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசுகிக்குக் கைமடியாக இருந்தார். குறை சொல்ல முடியாத வேலை. பிறகு குணவதி அளந்து பார்த்து, வேலையாட்களில் அவருடையதே நீளம் என்றும், வாசுகி நாளைக்கும் வரலாம் என்றும் சொன்னாள்.

சாயங்காலம் அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு காங்கேயம் பஸ் ஏறினார். பஸ் கிளம்பிய பிறகும் அவருடைய நீண்ட கை கம்பெனி கேட்டைப் பிடித்தபடியே இருந்தது. வாசுகி விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, அவர் மறந்து வைத்துவிட்டுப் போன டிபன் கேரியரை அதில் மாட்டினாள். கை மெல்ல நகர்ந்தது. வேகத்தடையில் லேசாகத் துள்ளி, சிக்னலில் நின்று, பச்சை விழுந்ததும் பஸ் போன பக்கமே போனது.