ஒரு சிட்டிகை உப்பு

கொழுந்தன் இரண்டு கண்ணாடி டம்ளர்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்தபோதே நான் அவன் கைகளைத்தான் பார்த்தேன். முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. இதுவரை அவன் பார்த்த வேலை எதுவும் உருப்பட்டதில்லை; இப்போது தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிறான். நான் அறிவியல் சொல்லித்தரும் பள்ளியில் அதை வாங்க வைத்தால் வேலை நிலைக்கும், இல்லையென்றால் இந்த மாதத்தோடு கிளம்பலாம் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். நாளை அவன் பள்ளிக்குச் செய்து காட்ட வரும்போது தலைமையாசிரியையிடம் நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஒரு டம்ளரில் எங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவன் மெஷின் தண்ணீர். இரண்டிலும் இரும்புக் கம்பிகள் பொருத்திய கருவியை இறக்கி ஸ்விட்சைப் போட்டான். குழாய்த் தண்ணீர் பழுப்பாகிச் சேறு போலத் திரண்டது. அவன் தண்ணீர் அப்படியே தெளிவாக நின்றது.

"இதத்தான் அண்ணி தினமும் குடிக்கிறீங்க. அத்தனையும் அழுக்கு."

ஆனாலும் நான் விடவில்லை. சட்டைக் கையை மடிக்கச் சொன்னேன். பையைக் கவிழ்க்கச் சொன்னேன். டம்ளர்களை நானே கழுவி, நானே தண்ணீர் ஊற்றி, மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடியும் அதே சேறு. ஆள்தான் சரியில்லை, மெஷின் நல்லதுதான் போலிருக்கிறது என்று மனம் இறங்கிவந்தது.

மகள் மேசையின் மறுபக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு. அறிவியலில் அவள் வாங்கும் மதிப்பெண்ணை நான் வெளியே சொல்வதில்லை. மின்னாற்பகுப்புக்கு விளக்கம் எழுது என்றால் பாதியில் பேனாவைக் கடிப்பாள். என் வகுப்பில் முதலாவது வரும் பிள்ளைகள் அதை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பார்கள்.

"சித்தப்பா, உங்க தண்ணியில கொஞ்சம் உப்பு போட்டுப் பாக்கலாமா?"

"எதுக்கு?"

"அந்த அழுக்கு தண்ணியில இருக்கா, கம்பியில இருந்து வருதான்னு பாக்கத்தான்."

உப்பு டப்பாவை எடுத்துவந்து ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாள். அவன் சிரித்துக்கொண்டே ஸ்விட்சைப் போட்டான். சுத்தமான தண்ணீர் கண்ணெதிரே பழுப்பேறிச் சேறானது.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வருஷா வருஷம் கரும்பலகையில் நான் வரைகிற படம் அது. உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், கம்பி அரித்துச் சேறாகும்; மெஷின் உப்பை எடுத்துவிட்டால் பாயாது. அவன் சட்டைக் கையைச் சோதித்தவளுக்குக் கம்பியைக் கேட்கத் தோன்றவில்லை.

கோபத்தோடு நிமிர்ந்தேன். அவன் முகம் வெளுத்திருந்தது. கம்பியை வெளியே எடுத்துத் துடைத்து, துரு ஒட்டிய விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு இப்படித்தான் அண்ணி சொல்லிக்கொடுத்தாங்க. நம்பித்தான் எங்க வீட்லயும் மாட்டியிருக்கேன்."

நடிக்கிறானா? இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட என்னால் அவனைச் சரியாகக் கணிக்க முடிந்ததில்லை.

"நாளைக்கு ஸ்கூல்ல வந்து என்ன சொல்லப்போற?"

டப்பாவைத் தன் பக்கம் இழுத்தான்.

"கொஞ்சம் உப்பு எடுத்துக்கறேன் அண்ணி."

முதலாளி முன்னால் போட்டுக் காட்டவா? இல்லை, யார் வீட்டுக் குழாய்த் தண்ணீராவது நிறம் மாறாமல் அடம்பிடித்தால் அதில் போடவா? மகள் என்னைப் பார்த்தாள். அவன் ஒரு காகிதத்தைக் கிழித்து, உப்பைக் கொட்டி, ஒரு துளிகூடச் சிந்தாமல் மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தான்.