வீட்டுக்குப் பேர் கொடுத்தவர்கள்

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, ஏன் இந்த ஆள் இப்படிக் கத்துகிறார் என்று கேட்கக் கூடாது.

ஓர் இளைஞர் இதழிலிருந்து அழைத்தார்கள். நல்ல வேலையை உதறிவிட்டு, மடிக்கணினியும் கையுமாக ஊர் ஊராகப் போய்க்கொண்டே படிக்கிற பெண்ணைப் பற்றி ஒரு கதை வேண்டுமாம். "படிக்கிறவங்களுக்கு உற்சாகம் வரணும் சார்." எனக்கு அப்படி ஒரு பெண்ணைத் தெரியும். இன்னும் உதறவில்லை, அவ்வளவுதான். பெயர் அன்பரசி, வயது இருபத்தொன்பது. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர் வேலை. இணையவழியில் இரண்டு வருட முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. சேருவதா வேண்டாமா என்று இந்த மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு மணி நேரத்தில் எழுதி அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2.

முதல் தொடக்கம்:

"பனி விலகிய பச்சை மலைச்சரிவில் அன்பரசி தன் கனவுகளோடு…"

வேண்டாம். பனி, பச்சை, கனவு, எல்லாம் ஒரே வரியில். ரிங்லெட் தாண்டி ஏறும் சுற்றுலா பஸ்களில் இதைத்தான் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

இரண்டாம் தொடக்கம்:

"ராஜினாமாக் கடிதத்தைத் துரையின் மேசையில் வைத்தாள். நிமிர்ந்து பார்த்த அவருடைய கண்களில்…"

அவர் கண்ணில் என்ன இருந்தால் நமக்கென்ன? (இப்போதைய மேனேஜருக்கு முப்பத்தாறு வயது. காற்சட்டையும் விளையாட்டுக் காலணியுமாக வருகிறார். அவரையும் துரை என்றுதான் சொல்கிறார்கள். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் துரைதான்.)

மூன்றாம் தொடக்கம்:

"துணிவு இருந்தால் போதும், உலகம்…"

இதை எழுதிய விரலை நானே கிள்ளிக்கொண்டேன்.

3.

நேரிலேயே கேட்டுவிடலாம் என்று அவள் தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான பிரிஞ்சாங் போனேன். மைதீன் சாப்பாட்டுக் கடையில் அவளும் நானும் உட்கார்ந்தோம். ஆளுக்கொரு ரொட்டி சானாய் சொன்னோம்.

"ஊர் சுத்திக்கிட்டேதான் படிக்கணுமா? வேலையில இருந்துக்கிட்டே படிக்கலாமேம்மா?"

"வீட்டுல சிக்னல் இல்ல சார். மேல கோயில் வளைவுக்கு ஏறிப் போகணும். மழை பேஞ்சா அதுவும் போச்சு. ஆனா அது காரணம் இல்லலா. எனக்கு சும்மா பாக்கணும். கூச்சிங், மேடான், ஹனோய். ஒரு ஊர்ல மூணு மாசம். காலையில படிப்பேன், மத்த நேரம் நடப்பேன்."

"சும்மான்னு எழுத முடியாதே. கதைக்கு ஒரு காரணம் வேணும்."

அவள் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்தினாள். "பையனுங்க மோட்டர்பைக்க எடுத்துக்கிட்டு தாய்லாந்து போறானுங்க. காரணம் கேட்டுட்டா எழுதுறீங்க?"

கேட்டதில்லை. பாத்திரத்துக்கு ஒரு உயர்ந்த நோக்கம் கொடுக்கலாமென்று வைத்திருந்தேன், அதையும் இங்கே அடித்துவிடுகிறேன். [அடித்தது: அவள் தன் மக்களின் வரலாற்றைத் தேடி] அவளுக்குப் பார்க்க வேண்டும். அது போதும்.

4.

இதழ்க்காரர்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. நானே சொல்கிறேன்.

அன்பரசியின் அப்பா நாகப்பன் தோட்டத்தில் மருந்தடித்தவர். தோளில் பம்பு, சரிவில் முப்பத்தெட்டு வருடம். இரண்டு முட்டியும் போய்விட்டன. அம்மா கொழுந்து வெட்டியவர், முதுகு போய்விட்டது. இருவரும் லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடு ஒன்றில்தான் இருக்கிறார்கள். வீடு தோட்டத்துக்குச் சொந்தம். குடும்பத்தில் யாராவது ஒருவர் வேலைப் பதிவேட்டில் இருக்கும்வரை இருக்கலாம். அதை அங்கே வீட்டுக்குப் பேர் கொடுப்பது என்பார்கள். இப்போது அன்பரசி பேர் கொடுத்திருக்கிறாள். அவள் பேரை எடுத்தால், முப்பது நாளில் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வரும்.

கடிதத்தைத் தட்டச்சு செய்வது யார்? கிராணி. அவளே இதுவரை ஆறு குடும்பத்துக்குத் தட்டியிருக்கிறாள். அவர்களில் ஒருவரான பக்கிரிசாமியின் வீட்டுச் சாமான் ஏற்றிய லோரியை வெளியே விடச் சொல்லி, தோட்டத்து கேட் காவலாளிக்குப் போன் செய்ததும் அவள்தான்.

"நான் ராஜினாமா குடுத்தா, போறதுக்கு முன்னாடி அப்பா பேருக்கு அந்தக் கடிதத்த நான்தான் அடிக்கணும். ஆபீஸ்ல வேற கிராணி இல்ல" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

முப்பத்தெட்டு வருடம் அந்தச் சரிவில் மருந்தைச் சுவாசித்தவனுக்குத் தன் பேரில் ஒரு கூரை கிடையாது. மகளின் வேலையில் அது தொங்குகிறது. இதற்குச் சுற்றறிக்கை எண் வேறு இருக்கிறது. எண் போட்டுவிட்டால் அநியாயம் விதியாகிவிடும் போலிருக்கிறது. இதற்கு நடுவில் ஓர் இதழ், "உதறு பெண்ணே உதறு" என்கிறது. உதறினால் யார் தலையில் விழும் என்று ஒருவராவது கேட்டீர்களா?

(அடிக்குறிப்பு: இந்தப் பத்தியை இதழ் வெட்டிவிடும். வெட்டினால் கதையைத் தர மாட்டேன்.)

5.

மூன்றாம் பகுதியில் ஒரு பொய் இருக்கிறது. அன்பரசி என்னை "சார்" என்று சொல்லவில்லை. "மாமா" என்றுதான் சொன்னாள். அவள் என் தங்கை திலகாவின் மகள்.

எங்கோ சந்தித்த பெண் என்று காட்டினால் கோபப்பட வசதியாக இருந்தது. அதனால் மாற்றினேன்.

நான் ஆசிரியர் பயிற்சிக்கு மலையிறங்கிய வருடம் எங்கள் அப்பா காலமானார். வீட்டுக்குப் பேர் வேண்டியிருந்தது. அம்மாவால் முடியாது. ஒன்று நான், அல்லது திலகா. அவளுக்குப் பதினேழு வயது, படிப்பில் என்னைவிடக் கெட்டிக்காரி. யாரும் உட்கார்ந்து பேசவில்லை. நான் பெட்டியைக் கட்டினேன், அவள் கொழுந்துக் கூடையை மாட்டினாள். "பையன் முன்னேறிட்டான்" என்று லயமே சொன்னது. பிறகு பதினோரு நாடு பார்த்தேன், பயண நூல் ஒன்று எழுதினேன். அதில் திலகாவைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்த வீட்டில் அவள் பேர் முப்பத்தெட்டு வருடம் இருந்தது. பிறகு மகள் பேர் ஏறியது.

6.

முடிவுகள். மூன்று எழுதிவைத்திருக்கிறேன்.

அ) அன்பரசி போகிறாள். கூச்சிங்கில் ஆற்றங்கரையில் மடிக்கணினியைத் திறக்கிறாள், காற்று வீசுகிறது. இதழுக்குப் பிடிக்கும். ஆனால் அதே நேரம் மலையடிவாரத்துத் தாப்பாவில் ஓர் ஒற்றை அறை வாடகை வீட்டில் நாகப்பன் நாலாவது மாடிப் படியில் ஏற முடியாமல்… இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஆ) அன்பரசி இருந்துவிடுகிறாள். எல்லோரும் "பொறுப்பான பொண்ணு" என்கிறார்கள். அந்தப் பாராட்டைக் கேட்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. திலகாவுக்கும் அதைத்தான் கொடுத்தார்கள்.

இ) துரை மனம் இரங்கி, பெரியவர்கள் கடைசிவரை இருக்கலாம் என்கிறார். சீ. உழைத்தவர்களுக்கு இரக்கம் எதற்கு? இதை எழுதியதற்காக வெட்கப்படுகிறேன்.

7.

இதுவரை எழுதியதை அன்பரசிக்கு அனுப்பினேன். மறுநாள் மதியம் கோயில் வளைவிலிருந்து அழைத்தாள்.

"படிச்சேன் மாமா. எஸ்டேட்ட நல்லாத் திட்டியிருக்கீங்க. துரையத் திட்டியிருக்கீங்க. பத்திரிகைக்காரங்களக்கூட விடல."

"உண்மையத்தானே எழுதினேன்."

"எல்லாம் உண்மைதான். ஆனா உங்க வீடு எங்க மாமா? கதையில காணோமே. ஈப்போவுல மூணு ரூம், படி இல்லாத வீடு. நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், சுற்றறிக்கை மேல் வந்ததைவிட அதிகமாக வந்தது. என் வீட்டைப் பற்றிப் பேச இவள் யார்? ஓர் அறையில் புத்தகங்கள். இன்னொன்றில் விற்காமல் திரும்பிவந்த என் பயண நூல் கட்டுக்கட்டாக. எழுதுகிறவனுக்கு அமைதி வேண்டாமா? நாகப்பன் விடியவிடிய இருமுவான். [இந்த வரியை அடிக்கத்தான் நினைத்தேன். இருக்கட்டும்.]

"உங்கம்மா தன்மானக்காரி. வர மாட்டா" என்றேன்.

"கேட்டீங்களா?"

படிப்புக்குப் பதில் சொல்லக் கடைசி நாள் என்றைக்கு என்று கேட்டேன்.

"நான் கேக்க மாட்டேன் மாமா. அது என் வாயால வரக் கூடாது" என்றாள். மழை தொடங்கியிருக்க வேண்டும், இணைப்பு அறுந்தது.

8.

ஈ) திலகாவுக்குப் போன் போகிறது. எடுக்கிறாள். "என்னண்ணே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்கிறாள், நான் காரணமில்லாமல் அழைத்ததே இல்லை என்பதால். நான் சொல்கிறேன்: "திலகா,

இதை நான் முடிக்க மாட்டேன். எவ்வளவு நன்றாக முடிக்கலாம் என்று எனக்குத் தெரியும். அவள் அழுவாள், நான் அழுவேன், நீங்களும் அழுவீர்கள். எழுதி முடித்ததும் செய்து முடித்ததுபோல எனக்கு நிம்மதி வந்துவிடும். வந்தால் பிறகு போன் செய்ய மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

முடிவு உங்கள் கையில். அன்பரசியைக் கூச்சிங்குக்கு அனுப்புங்கள், ஆபீஸிலேயே உட்காரவையுங்கள், உங்கள் இஷ்டம். என்னை மட்டும் நல்லவனாக எழுதிவிடாதீர்கள். நான் இன்னும் திலகாவைக் கேட்கவில்லை.