காலண்டர் அடிக்கிறவர் மகள்

அனுப்பிரியாவை ஜெர்மனிக்குத் திருப்பி அனுப்புவதில்லை என்ற முடிவை அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலே எடுத்துவிட்டார்கள். அதை அவள் தெரிந்துகொண்டதும் மூன்றாம் மனிதர் முன்னால்தான். அப்பா சீனிவாசகம், கூடத்து சோபாவில் காபி குடித்துக்கொண்டிருந்த பாலகுருவிடம் சொன்னார்: "பாப்பா இனிமே போகலை அண்ணாச்சி. படிச்ச வரைக்கும் போதும்."

பாலகுருவுக்கும் இவர்களைப் போலவே நாரணாபுரம் பக்கம் பட்டாசுக் கம்பெனி. மகனுக்கு அனுவைக் கேட்டு வந்திருந்தார். அவருக்கு ஒரே ஒரு சங்கடம். அனு விமான நிலையத்தில் பிடிபட்ட கதையை அவள் தம்பி தருண்குமார் ஒரு கல்யாண வீட்டில் வேடிக்கையாகச் சொல்லிவைக்க, அது சிவகாசியைச் சுற்றி அவர் காதுக்கும் வந்துவிட்டது. யாராவது கேட்டால் அன்றைக்குப் பிளேன் கேன்சல் என்று சொல்லிக்கொள்ளலாம், பிள்ளையும் இங்கனயே இருந்துவிட்டால் பேச்சு தானே அடங்கிவிடும் என்றார்.

சமையலறை வாசலில் நின்ற அனு இதையெல்லாம் கேட்டாள். ஊருக்கு அவள் விடுமுறைக்கு வந்திருந்தாள். லைப்சிக்கில் ரசாயன ஆலைப் பாதுகாப்புப் படிப்பு. கடைசிப் பருவமும் ஆய்வறிக்கையும்தான் பாக்கி. வரும் ஞாயிறு மதுரையில் விமானம் ஏற வேண்டும்.

லைப்சிக் அவளுக்குச் சும்மா வசப்பட்டுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் பூட்டியிருக்கும் என்று தெரியாமல் முதல் வாரம் பாலில்லாக் காபி குடித்தாள். விடிவதற்கு முன்னால் சைக்கிள் மிதித்துப் போய் ஒரு ரொட்டிக் கடையில் மாவு உருட்டினாள். பொதுச் சமையலறையில் புளிக்குழம்பு வைத்தால் யார் யார் சன்னலைத் திறப்பார்கள் என்பதுகூட அவளுக்கு அத்துப்படி. புத்தாண்டுக்குத் தெருவில் கையில் பிடித்து வெடி போட்ட ஒருவனை மாடியிலிருந்து சுத்தமான தமிழில் ஏசினாள். அவன் என்னவோ வாழ்த்து என்று நினைத்துக் கையசைத்தான்.

அப்பா என்ன தொழில் என்று கேட்டவர்களுக்கு மட்டும் அவள் உண்மையைச் சொன்னதில்லை. காலண்டர், டைரி அச்சடிக்கிறார் என்பாள். வீட்டில் பழக்கிவிட்ட பதில் அது. பட்டாசு என்றால் எதிராளி முகம் மாறும், பிறகு விபத்தைப் பற்றிக் கேட்பான், கூலியைப் பற்றிக் கேட்பான். அப்பாவிடம் லேபிள் அடிக்கிற ஒரு சின்னப் பிரஸ்ஸும் இருந்ததால் அது முழுப் பொய்யும் இல்லை.

வீட்டில் இன்னொரு பழக்கமும் உண்டு. தூரப் பயணம் போகும் பெட்டியை முந்தின வெள்ளிக்கிழமை கம்பெனிக்குக் கொண்டுபோவார்கள். பேக்கிங் அறையில் அம்மன் படத்துக்கு முன்னால் வைப்பார்கள். அங்கே சூடம் கிடையாது, விளக்கு கிடையாது. தீ காட்டாத பூசை. பட்டாசுப் பெட்டி கட்டும் பெண்கள் வேலையை நிறுத்தி எழுந்துவந்து, அதே கையால் பெட்டிக்குக் குங்குமம் வைத்து வழியனுப்புவார்கள். வெடிமருந்து ஏறிச் சாம்பல் பூத்த கைகள்.

போன டிசம்பரில் லைப்சிக்கிலிருந்து நண்பர்களோடு போர்ச்சுகலின் லிஸ்பனுக்குப் போகக் கிளம்பியபோது அனு அப்படிப் பூசையில் வைத்த பெட்டியைத்தான் எடுத்தாள். விமான நிலையச் சோதனையில் வெடிமருந்து ஒட்டியிருக்கிறதா என்று அதை ஒரு துணியால் தேய்த்துப் பார்த்தார்கள். இயந்திரம் சிவப்பாக மின்னியது. தனி அறையில் உட்கார வைத்து, அப்பா என்ன தொழில் என்று ஒரு பெண் அதிகாரி மரியாதையாகவே கேட்டாள். அனு முதல்முறையாக உள்ளதைச் சொன்னாள்: பட்டாசு. அதிகாரி ஊர்ஜிதம் செய்துகொள்ள அவளுடைய போனிலேயே சீனிவாசகத்தைக் கூப்பிட்டாள். அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"பிரிண்டிங் மேடம். காலண்டர், டைரி. ஒன்லி பேப்பர்."

அதன் பிறகுதான் பெட்டியின் உள்துணியைக் கிழித்தார்கள். அப்பாவும் மகளும் ஆளுக்கொன்று சொன்னால் வேறென்ன செய்வார்கள்? கம்பெனி ஆயுதபூசையில் அப்பா பட்டாசுப் பெட்டிகளுக்கு நடுவே மாலையோடு நிற்கும் வீடியோவைத் தேடி எடுத்துக் காட்டிய பிறகே அவளை விட்டார்கள். அதற்குள் நண்பர்களோடு விமானம் பறந்திருந்தது. அறைக்குத் திரும்பிப் போய் ஓய்வெடு என்றாள் அதிகாரி.

அனு பஸ் நிலையத்துக்குப் போனாள். கிழிந்த பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு பஸ் மாறிப் பஸ் மாறிப் போனாள். பாரிஸில் அவள் பார்த்தது மழையும் ஒரு கட்டணக் கழிப்பறையும்தான். தெற்கே, பிரான்சின் போர்தோவுக்கு அப்பால் ஓட்டுநர் ஆரஞ்சு உரித்துத் தந்தார். ஸ்பெயினுக்குள் நுழைந்ததும் கருவேலங்காடு மாதிரி ஒரு காய்ந்த நிலம் வந்தது. ஊரில் வெம்பக்கோட்டைப் பக்கம் போகிற மாதிரி இருந்ததால் கொஞ்சம் தூங்கினாள். லிஸ்பனில் இறங்கியபோது நண்பர்களுக்கு அடுத்த நாள் திரும்பும் விமானம். கிடைத்தது ஒரே ஒரு சாயங்காலம். ஆறு கடலில் விழும் இடத்தில் உட்கார்ந்து, உப்புத் தூவிச் சுட்ட மீனைத் தின்றபடி, அப்பாவின் தொழிலை அவர்களுக்கு ஆதியோடந்தமாகச் சொன்னாள். அவர்கள் விபத்தைப் பற்றிக் கேட்டார்கள். கூலியைப் பற்றிக் கேட்டார்கள். சொன்னாள். வானம் இடிந்து விழவில்லை.

இப்போது கூடத்தில் 'பிளேன் கேன்சல்' என்று மறுபடி காதில் விழுந்ததும் வாசலை விட்டு உள்ளே வந்தாள்.

"பிளேன் கேன்சல் ஆகலை மாமா. பெட்டியில நம்ம கம்பெனித் தூசி இருந்துச்சு. நான் பட்டாசுன்னு சொன்னேன், அப்பா காலண்டர்னு சொன்னாக. அதான் உக்கார வச்சாக."

"உள்ள போ பாப்பா," என்றார் சீனிவாசகம். காது மடல் சிவந்துவிட்டது.

பாலகுரு சிரித்தார். "எல்லாரும் சொல்றதுதானம்மா. நானே டெல்லிக்குப் போனா தீப்பெட்டி லேபிள்னுதான் சொல்லுவேன். பட்டாசுன்னா எம்புட்டுக் கேள்வி வருது."

"வரட்டும் மாமா. ஷெட்டு ஏன் வெடிக்குதுன்னு கேப்பாக. வெடிக்காம எப்படிச் செய்யன்னுதான் அங்கன படிக்கேன்."

"அம்புட்டு அக்கறைன்னா நம்ம கம்பெனிக்கே வந்து பாரேன். மருமகளா வந்துட்டா உன்னைய யாரு தடுக்கப்போறா?"

"படிச்சு முடிச்சுட்டு வாரேன் மாமா. மருமகளா இல்லை, இன்ஜினியரா. சம்பளம் பேசிக்கிடுவோம்."

பாலகுரு டம்ளரைக் கீழே வைத்தார். பாதிக் காபி அப்படியே இருந்தது. மகளுக்கு வாய் நீளம் என்று சீனிவாசகத்திடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

அவர் கார் தெருமுனை திரும்பியதும் சீனிவாசகம் வாசல் கேட்டைச் சாத்தினார். பிறகு, மதுரைக்குக் கார் வராது, டிரைவரிடம் சொல்லிவிட்டேன், எப்படிப் போகிறாய் பார்ப்போம் என்றார்.

"லிஸ்பனுக்கே பஸ்ல போனவப்பா நான்."

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா ஞானசுந்தரி தயங்கித் தயங்கி வந்தாள். போகிறதென்று ஆகிவிட்டால் கம்பெனிப் பூசையை மட்டும் இந்தத் தடவை விட்டுவிடுவோம், மறுபடியும் பிடித்துவிடுவார்கள் என்றாள். அனு யோசித்தாள். புதுப்பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும், பெட்டிக்குப் பதிலாக நானே வந்து நிற்கிறேன் என்றாள். அம்மா குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டாள். கார் இல்லாததால் இருவரும் ஆட்டோவில் போனார்கள்.

பேக்கிங் அறையில் ராமுத்தாய்தான் முதலில் எழுந்துவந்தாள். பெட்டி எங்கே என்று கேட்டாள். அனு நடந்ததைச் சொன்னாள். அறை முழுக்கக் கை ஓய்ந்தது.

"எங்க கைத்தூசிக்கா அங்கன அம்புட்டு போலீசு வந்துச்சு?" ராமுத்தாய் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அதை முந்தானையில் துடைக்காமலே குங்குமத்தைத் தொட்டு அனுவின் நெற்றியில் அழுத்தினாள். "இதையும் பிடிச்சா என்ன பண்ணுவ?"

"பிடிச்சா, வச்சது ராமுத்தாய் அக்கான்னு சொல்லுவேன்."

சிரிப்பு வெளியே ஆபீஸ் அறைவரை கேட்டிருக்கும். சீனிவாசகம் எட்டிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தருண்குமார் பைக்கை வெளியே எடுத்து வைத்திருந்தான். கல்யாண வீட்டில் வாயை விட்டதற்குப் பிராயச்சித்தமாக பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவிடுவதாகச் சொல்லியிருந்தான். அனு பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தபோது சீனிவாசகம் வாசல் கேட்டை மறித்து நின்றிருந்தார். சட்டைப் பையில் போன் துருத்திக்கொண்டிருந்தது.

"மறுபடி பிடிச்சு வச்சுக் கேட்டாகன்னா என்ன சொல்லுவ?"

"பட்டாசுன்னுதான்பா. உங்களுக்குப் போன் வந்தா நீங்க என்ன சொல்லுவீக?"

அவர் வாயைத் திறந்தார். பழகிய வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது அவர் முகத்திலேயே தெரிந்தது. மூடிக்கொண்டார். பிறகு ஓரமாக நகர்ந்தார். கேட்டின் ஒரு கதவு அளவுக்கு மட்டும்தான் வழி விட்டார்.

பெட்டி போக அது போதும். அனு தெருவில் இறங்கினாள்.